நிறுத்திய காரில் பாட்டு, சார்ஜர், ஃபேன்: எஞ்சின் ஓடாதபோது வரும் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

கல்யாண மண்டபத்துக்கு வெளியே, ஆஸ்பத்திரி வாசலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் என்று காரில் உட்கார்ந்து காத்திருக்காதவர்கள் குறைவு. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு போடுவோம், போனைச் சார்ஜில் போடுவோம், புழுக்கம் தாங்காமல் ஃபேனைத் திருப்புவோம். கார் எலக்ட்ரிக்கல் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு இப்படிக் காத்திருந்தவர்களிடமிருந்துதான். "பேட்டரி போச்சுண்ணே, புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் டெர்மினல் (பேட்டரி முனையில் கேபிளைப் பிடிக்கும் கிளிப்) லூசாக இருக்கும், இல்லையென்றால் ஒரு ஃபியூஸ் போயிருக்கும். பேட்டரி மாற்றுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்து காசை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். அதோடு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஃபியூஸ் பிடுங்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப், நாலைந்து உதிரி ஃபியூஸ், ஒரு ஜம்ப்பர் கேபிள். உங்கள் காரில் இருக்கும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதைப் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்

சாவி போடும் கார்களில் பெரும்பாலும் நான்கு நிலைகள்: லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட். ஏசிசியில் பாட்டும் சார்ஜர் சாக்கெட்டும் மட்டும் உயிர் பெறும். ஆன் நிலைக்குப் போனால் எஞ்சினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர், மீட்டர் விளக்குகள், சென்சார்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். நீங்கள் எதையும் போடாவிட்டாலும் சில ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். பகலிலும் எரியும் முன்விளக்கு உள்ள காராக இருந்தால் இன்னும் கூடும். கான்டாக்ட் பாயிண்ட் வைத்த இக்னிஷன் உள்ள பழைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளில் ஆன் நிலையில் விட்டுவைத்தால் இக்னிஷன் காயிலே சூடாகிக் கெட்டுவிடும். ஆகவே பாட்டுக்கு ஏசிசி போதும்.

சின்ன பெட்ரோல் கார்களில் சுமார் 35 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் என்று கணக்கு) பேட்டரி இருக்கும். டீசல் வண்டிகளில் 60-க்கு மேல். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காத்திருக்கும் நேரத்தில் செலவழிக்காதீர்கள். மீதி செல்ஃப் அடிக்க, அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். சின்ன காரில் அந்த ஒரு பங்கு என்பது 12 ஆம்பியர்-அவர் அளவுதான். அளவான சத்தத்தில் ஸ்டீரியோ 1 முதல் 2 ஆம்பியர் இழுக்கும், போன் சார்ஜர் 1 முதல் 2. இரண்டும் சேர்ந்து ஓடினாலும் நல்ல பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கிவிடும். ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் பார்க்கிங் லைட்டோடு சேர்த்து 10 ஆம்பியர், ஒரு மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. நாலு மூலையிலும் மினுக்கும் ஹசார்டு விளக்கு, சாதாரண பல்பு என்றால், சராசரியாக 4 ஆம்பியர். ஃபேன் முழு வேகத்தில் 15-ஐத் தாண்டும். அதுவும் பல கார்களில் ஃபேன் ஏசிசியில் ஓடாது, ஆனில் வைத்தால்தான் ஓடும். ஆகவே ஆன் நிலையின் செலவும் அதோடு சேர்ந்துகொள்ளும். வாசலில் நின்றுபோகும் வண்டிகளில் பாட்டு கேட்டு நின்றவை குறைவு, ஃபேன் ஓடவிட்டு நின்றவைதான் அதிகம்.

இந்தக் கணக்கெல்லாம் நல்ல பேட்டரிக்கு. நம் வெயிலில் பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். அந்த வயதைத் தாண்டியிருந்தால் மேலே சொன்ன நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: ஏசிசியில் வைத்தால் எதுவும் வேலை செய்யவில்லை

ஆனில் வைத்தால் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனில் வருகிறது, ஏசிசியில் இல்லை என்றால்: உங்கள் காரே அப்படித்தானா என்று உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் சாவி இல்லாமலே ஸ்டீரியோ பொத்தானை அழுத்தினால் பாட்டு வரும், கொஞ்ச நேரத்தில் தானே நின்றும்விடும். சில கார்களில் சார்ஜர் சாக்கெட்டுக்கு ஆன் நிலையில்தான் மின்சாரம் போகும். இதெல்லாம் கோளாறு இல்லை.

முன்பு வேலை செய்து இப்போது நின்றுவிட்டதென்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒன்று, பானெட்டுக்குள் ஒன்று இருக்கும். மூடியின் உள்பக்கப் படத்தில் ஏசிசி அல்லது ரேடியோ என்று குறித்த ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். பெரியதாகப் போட்டால் அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். வெள்ளிக் காகிதம் சுற்றிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். காருக்குள் தீப்பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, சாவியைக் கொஞ்சம் இப்படி அப்படி ஆட்டினால் பாட்டு வந்து வந்து போகிறது என்றால் இக்னிஷன் சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி படம் போட்ட கீ செயின் எல்லாம் ஒரே கொத்தாகத் தொங்கும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கொத்தைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகும் அப்படியே இருந்தால் சுவிட்ச் மாற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் இருக்கும் வண்டியில் அந்த இடத்தை நீங்களாகப் பிரிக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஆனிலும் எதுவும் வரவில்லை, மீட்டரில் ஒரு விளக்கும் இல்லை என்றால் அறிகுறி 4-க்குப் போய் டெர்மினல் பகுதியைப் படியுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால்: பிரேக்கையோ கிளச்சையோ மிதித்துக்கொண்டு அழுத்தினால் எஞ்சின் ஓடும். எதையும் மிதிக்காமல் ஒரு முறை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் ஏசிசி, இரண்டாவது முறை ஆன், மூன்றாவது முறை எல்லாம் அணையும். ஆட்டோமேட்டிக்கில் கியர் பி-யில் (பார்க்கிங் நிலையில்) இருக்க வேண்டும். சாவி வண்டிக்குள் இருந்தும் "சாவி இல்லை" என்று காட்டினால் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சாவியின் முகத்தை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள், பல வண்டிகளில் எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி 2: பாட்டு வருகிறது, சார்ஜர் சாக்கெட் மட்டும் செத்துவிட்டது

வேறு சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள்தான் முதலில் போகும். பிறகு டார்ச் அடித்துச் சாக்கெட்டுக்குள் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, சாக்லெட் தாள் உள்ளே கிடந்தால் அதுதான் ஃபியூஸை அடித்திருக்கும். ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு, உலோகம் இல்லாத குச்சியால் எடுங்கள்.

டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் போட்டதும் போனது என்றால் காரணம் தெளிவு. சாக்கெட்டில் சாதாரணமாக 120 வாட் வரை என்று எழுதியிருக்கும், அது 10 ஆம்பியர். பம்ப் சில அதற்கு மேலேயே இழுக்கும். ஃபியூஸை மாற்றுங்கள், இனிமேல் எஞ்சினை ஓடவிட்டு, விட்டுவிட்டுக் காற்றடியுங்கள். புது ஃபியூஸ் எதையும் செருகாமலே உடனே போய்விட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. மூன்றாவது ஃபியூஸ் போட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானே அணைந்துவிடுகிறது

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அணைகிறதா? அப்படியென்றால் வண்டி பேட்டரியைக் காப்பாற்றுகிறது. டொயோட்டாவின் பட்டன் ஸ்டார்ட் கார்களில் கியர் பி-யில் வைத்து ஏசிசியில் விட்டால் 20 நிமிடத்தில் தானே அணையும். மற்ற கம்பெனிகளில் அரை மணி, ஒரு மணி என்று இருக்கும். இதை ஏமாற்ற வழி தேடாதீர்கள். இன்னும் கேட்க வேண்டுமென்றால் மறுபடி ஏசிசிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

நேரம் மாறி மாறி அணைகிறது, "பேட்டரி குறைவு" என்று திரையில் எழுத்து வருகிறது என்றால் அந்த எச்சரிக்கையை நம்புங்கள். அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். வந்த அன்றே ஒரு முறை வோல்ட் பார்த்துவிடுங்கள், அடுத்த பகுதியில் முறை இருக்கிறது.

சத்தத்தைக் கூட்டினால் மட்டும் அணைகிறது, பாஸ் அடிக்கும்போது திரை மங்குகிறது என்றால் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் தனியாகப் போட்ட ஆம்ப்ளிஃபையரின் எர்த் சரியில்லை. எர்த் ஒயரைக் கழற்றி, பாடியில் பெயின்ட் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள்.

அறிகுறி 4: காத்திருந்துவிட்டுக் கிளம்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

இதில்தான் பணமும் நேரமும் வீணாகிறது. பதறாமல் சாவியைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே மறுபடி செல்ஃப் அடியுங்கள். மீட்டர் இல்லாதவர்களுக்கு இது நல்ல சோதனை.

டிக்டிக்டிக் என்று வேகமாக அடிக்கிறது, ஹெட்லைட் மங்கிச் சாகிறது: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் லூஸ்தான். 10 ஸ்பேனரால் இறுக்கி மறுபடி அடியுங்கள். அதன்மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகத் துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் சீக்கிரம் பூக்காது. "பேட்டரி போச்சு" என்று கூப்பிட்ட எத்தனையோ வண்டிகள் இந்த ஒரு வேலையில் கிளம்பியிருக்கின்றன.

ஒரே ஒரு டக், அதோடு அமைதி, ஹெட்லைட் மங்கவில்லை: பேட்டரியில் கோளாறு இல்லை. செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (அதற்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கார்பன் பிரஷ், அல்லது அங்கே போகும் ஒயர். செல்ஃப் மோட்டாரை யாராவது லேசாகத் தட்டிக்கொண்டே அடித்தால் ஒரு முறை எடுக்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும், வண்டிக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் நேராக எலக்ட்ரீஷியன் கடைக்கு ஓட்டுங்கள், வழியில் அணைக்காதீர்கள்.

சத்தமே இல்லை, மீட்டர் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன: கியர் பி-யிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா? கிளச்சைத் தரைவரை மிதித்தீர்களா? கிளச்சுக்குப் பின்னால் மிதியடி சுருண்டு கிடந்தாலும் முழுக்க இறங்காது. சாவி படம் போட்ட விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. மற்ற சாவியை முயன்று பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ்தான், ரோட்டோரத்தில் ஒயரை அறுத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

எதுவுமே எரியவில்லை, சென்ட்ரல் லாக்கும் திறக்கவில்லை: பேட்டரி அடியோடு இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. ஸ்மார்ட் சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறக்கலாம்.

சார்ஜ் இல்லை என்று உறுதியானால் ஜம்ப் ஸ்டார்ட். உதவும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் லாரி நிறுத்தி உதவி கேட்பது வழக்கம், ஆனால் லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். அதை மாட்டினால் உங்கள் காரின் கம்ப்யூட்டரே எரிந்துபோகலாம். இரண்டு வண்டியும் அணைந்திருக்கட்டும். சிவப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வருவதோ எரியும் வாயு. பக்கத்தில் சிகரெட் கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியை அடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். எடுத்ததும் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசலோ கசிவோ இருந்தாலோ கேபிளையே மாட்டாதீர்கள்.

கேபிள் இல்லையென்றால் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். சாவியை ஆனில் வைத்து, இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்து, வண்டி ஓட ஆரம்பித்ததும் கிளச்சைச் சட்டென விடுங்கள். மீட்டரில் விளக்காவது எரிந்தால்தான் இது பலிக்கும், ஏனென்றால் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். இரண்டு மூன்று முயற்சியோடு விட்டுவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளச்சை வண்டியே இயக்கும் வகை) வண்டிகளைத் தள்ளி எடுக்க முடியாது.

வண்டி கிளம்பிவிட்டது. யார் குற்றம் என்று இனித்தான் பார்க்க வேண்டும். அரை மணி முக்கால் மணி தொடர்ந்து ஓட்டுங்கள், நின்ற இடத்தில் ஐடிலில் விட்டால் பெரிதாக ஏறாது. பிறகு எஞ்சின் ஓடும்போதே, ஹெட்லைட் போட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நலம். ஹெட்லைட் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: புது வண்டிகள் சிலவற்றில் தேவை இல்லாதபோது சார்ஜிங்கை வண்டியே குறைத்துக்கொள்ளும், 12.8 காட்டும், அதைப் பார்த்து ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஹெட்லைட் போட்டும் 13-ஐ எட்டவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், இல்லை ஆல்டர்னேட்டருக்கு வேலை வந்துவிட்டது. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், அதிக தூரம் ஓட்டாமல் கடைக்குப் போங்கள்.

ராத்திரி முழுக்க ஆறிய பிறகு காலையில் எதையும் போடாமல் மறுபடி பாருங்கள். 12.6 என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது, காத்திருந்தபோது அளவுக்கு மீறிச் செலவழித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் மூடிகளைத் திறந்து அளவு பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, வெளியே சார்ஜரில் போட்டு, இன்னொரு முறை சோதியுங்கள். அப்போதும் விழுந்தால் கேரண்டி கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். லோடு டெஸ்டர் (பேட்டரிக்குப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் பேட்டரி மாற்றச் சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து எடுக்கும் வண்டிகளில் இருப்பது அதற்கென்றே செய்த பேட்டரி. விலை அதிகம் என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே மறுபடி வாங்க நேரும்.

அறிகுறி 5: எதையும் போடாமலே ராத்திரி நின்றால் காலையில் இறங்கிவிடுகிறது

பேட்டரி சோதனையில் தேறிவிட்டது, ஆல்டர்னேட்டரும் நலம் என்றால் எங்கோ கசிகிறது. முதலில் செலவில்லாத சோதனை: டிக்கிக்குள் போனில் வீடியோ ஓடவிட்டு மூடுங்கள். கிளவ் பாக்ஸிலும் அப்படியே. மூடிய பிறகும் விளக்கு எரிவது வீடியோவில் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்து, நீங்கள் வாங்கிய பின் மாட்டிய சாமான்கள். டேஷ்கேம், ஜிபிஎஸ், அலாரம், ஆம்ப்ளிஃபையர், எல்இடி பட்டை. ஒவ்வொன்றாக ஓரிரு ராத்திரி கழற்றி வைத்துப் பாருங்கள். நிறுத்தியபோதும் பதிவு செய்யும் டேஷ்கேம் என்றால், வோல்ட் குறைந்ததும் தானே அணையும் வசதி அதன் ஒயரிங் கிட்டில் இருக்கிறதா பாருங்கள். 11.8-இல் அணையும்படி வைத்திருந்தால் பயனே இல்லை, அந்த நேரம் செல்ஃப் எடுக்காது. 12.2 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் கசிவை அளக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, டிரைவர் கதவைத் திறந்தபடி அதன் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதுபோல் வையுங்கள், வண்டி கதவு மூடியதாக நினைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் சாவியைத் தூரமாக வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைச் சேருங்கள். மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது, ஹெட்லைட் போடக் கூடாது, மீட்டர் போய்விடும். முதலில் பெரிய எண் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் மாட்யூல்கள் (உள்ளிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்) தூங்கப் போக அரை மணிக்கு மேலும் ஆகும். கடைசியில் 50 மில்லி ஆம்பியருக்குள் வந்து நின்றால் இயல்பு. 200, 300 என்று நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ அந்த வழியில் திருடன் இருக்கிறான். அந்த ஃபியூஸில் வெளிச்சாமான் எதுவும் இல்லை, கம்பெனி மாட்யூல்தான் தூங்காமல் இருக்கிறது என்றால் அங்கே நிறுத்திக்கொண்டு, அந்த ஃபியூஸின் எண்ணைக் குறித்து எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம்.

அறிகுறி 6: புது ஸ்டீரியோ மாட்டியதிலிருந்து தொல்லை

ஒவ்வொரு முறை சாவி எடுத்ததும் நேரமும் ஸ்டேஷனும் மறந்துபோகிறதா? ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டும். இரண்டும் இடம் மாறியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்கள் பலவற்றில் கம்பெனி சாக்கெட்டிலேயே இந்த இரண்டும் மாறி இருக்கும் என்பதால் அங்கே இது அடிக்கடி நடக்கும். மாற்றிச் செருகினால் போதும்.

சாவி எடுத்தும் ஸ்டீரியோ அணையவில்லையா? இரண்டு ஒயரையும் சேர்த்து நேர் பேட்டரி லைனில் முறுக்கியிருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்க நினைக்கும் கடைகளில் இப்படிச் செய்வதுண்டு. பேட்டரியைக் கொல்லும் வேலை இது. திருப்பிக் கொண்டுபோய்ச் சிவப்பை ஏசிசி லைனில் ஃபியூஸோடு மாட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 7: ஏசிசியில் மாட்டிக்கொண்ட சாவி வெளியே வரவில்லை

ஆட்டோமேட்டிக்கில் கியர் பி-க்கு முழுதாகப் போகவில்லை என்பதே வழக்கமான காரணம். பிரேக்கை மிதித்து முன்னே தள்ளி மறுபடி பாருங்கள். சில வண்டிகளில் சாவியை உள்ளே அழுத்திக்கொண்டேதான் லாக்குக்குத் திருப்ப முடியும். ஸ்டீயரிங் இறுகியிருந்தால் அதை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்புங்கள். பலவந்தமாகத் திருகினால் சாவி உள்ளே முறியும்.

அறிகுறி 8: ஃபேன் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை

சாதாரண பெட்ரோல், டீசல் காரில் ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். எஞ்சின் அணைந்தால் குளிர்ச்சி வராது, அது கோளாறு இல்லை. குளிர் வேண்டுமென்று எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூடிய ஷெட்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் அதைச் செய்யவே செய்யாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழமாட்டார். திறந்தவெளியில்கூடக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, விழித்திருந்து பயன்படுத்துங்கள். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு ஃபேன் ஓடுகிறதே என்று இறங்கிப் போகவும் கூடாது. பேட்டரி இறங்கினாலோ வண்டி தானே அணைந்தாலோ வெயிலில் நிற்கும் காருக்குள் சில நிமிடத்தில் அனல் ஏறிவிடும்.

அறிகுறி 9: ஹைப்ரிட், மின்சாரக் கார். பெரிய பேட்டரி நிறைய இருக்கிறது, ஆனால் வண்டி விழிக்கவில்லை

இந்த வண்டிகளிலும் விளக்கு, பூட்டு, திரை, ஸ்டீரியோ எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஏசிசியில் வைத்துப் பாட்டு கேட்டால் அந்தச் சின்னப் பேட்டரிதான் தேயும். பெரியது 80 சதவீதம் காட்டினாலும் சின்னது இறங்கிவிட்டால் வண்டி திறக்காது, கிளம்பாது, சில வண்டிகளில் சார்ஜும் ஏறாது. நீண்ட நேரம் உட்கார வேண்டுமானால் பி-யில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ரெடி விளக்கு வரும்படி ஆன் செய்யுங்கள். அப்போது பெரிய பேட்டரி சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஏசியும் அதிலேயே ஓடும். ஹைப்ரிடில் ரெடியில் இருந்தால் எஞ்சின் தேவைப்படும்போது தானே ஓட ஆரம்பிக்கும். மேலே சொன்ன புகை எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும்.

ஏற்கெனவே இறங்கிவிட்டதென்றால் கையேட்டில் காட்டிய 12 வோல்ட் முனையில் மட்டும் ஜம்ப் கொடுக்கலாம். ரெடி வந்ததும் கேபிளை எடுத்துவிடுங்கள். கையேடு அனுமதித்தால் ஒழிய இந்த வண்டியிலிருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் இழுக்கும் அளவுக்கு அந்தச் சின்னப் பேட்டரியும் சர்க்யூட்டும் செய்யப்பட்டவை அல்ல. ஜம்ப் கொடுத்தும் ரெடி வரவில்லை, அல்லது மறுநாளும் இறங்குகிறது என்றால் கம்பெனி சர்வீஸைத்தான் கூப்பிட வேண்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அதற்கெனப் பயிற்சி எடுக்காத எலக்ட்ரீஷியன் "நான் பார்க்கிறேன்" என்று முன்வந்தாலும் விடாதீர்கள்.